பழைய நகரை நடந்து பார்ப்பதா, சைக்கிளில் பார்ப்பதா?

"பழமையான ஒரு நகரத்தில் எங்களுக்கு முழுசாக இரண்டு நாள் கிடைக்கிறது. பழைய பகுதிகளை வழிகாட்டியோடு நடந்து பார்ப்பதா, சைக்கிள் சுற்றில் சேர்வதா? கையில் செல்போன் இருக்கும்போது வழிகாட்டி எதற்கு? கூட வரும் அப்பாவால் நடக்க முடியும், நீண்ட நேரம் நிற்க முடியாது" என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய தெருக்களில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடப்பதும், மற்றவர்கள் நடத்தும் சுற்றுகளில் போய் நிற்பதும் எனக்கு வெகுநாள் பழக்கம். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

என் யோசனை இதுதான்: முதல் நாள் சைக்கிள், மறுநாள் காலையில் நடை. அதுவும் முதல் நாள் உங்களுக்கு எந்தப் பகுதி பிடித்துப்போனதோ அந்த ஒரு பகுதியில் மட்டும் நடை. ஊர் எப்படி வளர்ந்தது என்பதைச் சைக்கிளில் பார்க்கலாம். அந்த ஊரில் யார் வாழ்ந்தார்கள் என்பதை நடந்தால்தான் பார்க்க முடியும். நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வந்து இறங்கியதும் நடைச் சுற்றில் சேர்ந்து, பத்துக் கட்டடங்களைப் பற்றிக் கேட்கிறார்கள். அந்தக் கட்டடங்கள் ஊரின் எந்த மூலையில் இருக்கின்றன, ஏன் அங்கே இருக்கின்றன என்று தெரியாததால் கேட்டதெல்லாம் மாலைக்குள் கலைந்துவிடுகிறது.

தூரக் கணக்கைப் பாருங்கள். வழிகாட்டியோடு நடக்கும் இரண்டு மணி நேரத்தில் இரண்டு, மூன்று கிலோமீட்டர்தான் போக முடியும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நின்று பேச வேண்டியிருக்கும். சைக்கிளில் மூன்று மணி நேரத்தில், நின்று கதை கேட்கும் நேரம் போகவே, பன்னிரண்டு பதினைந்து கிலோமீட்டர் போய்விடலாம். கோட்டைக்குள் பிறந்த ஊர், கோட்டையைத் தாண்டிய சந்தை, ஆற்றங்கரைக் கிடங்குகள், ரயில் வந்த பிறகு முளைத்த தொழிலாளர் குடியிருப்பு எல்லாம் ஒரே ஓட்டத்தில் வரிசையாக வந்துவிடும். ஒரு பகுதி முடிந்து இன்னொன்று தொடங்கும் இடம் சைக்கிளில் போகும்போது நன்றாகவே தெரியும். வளைந்து நெளிந்த தெரு திடீரென்று நேராகும், அகலமாகும், மரங்கள் வரிசை கட்டி நிற்கும். அந்த இடத்தில் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

வியன்னா இதற்கு நல்ல உதாரணம். அந்த நகரின் மதிலை இடிக்கும்படி பேரரசர் பிரான்ஸ் யோசப் 1857 டிசம்பரில் உத்தரவிட்டார். மதிலும் அதன் முன்னால் இருந்த வெற்றுத் திடலும் போய், அந்த இடத்தில் ரிங்ஸ்ட்ராசே என்ற அகலச் சாலை 1865-இல் திறக்கப்பட்டது. அதன் ஓரமாகச் சைக்கிளில் போனால் ஒரு பக்கம் நெருக்கமான பழைய ஊர், மறுபக்கம் மதிலுக்கு வெளியே இருந்த புறநகர், நடுவில் நாடாளுமன்றம், ஓபெரா, அருங்காட்சியகங்கள். மதில் இல்லாமல் போனாலும் அதன் வடிவம் அப்படியே இருக்கிறது. நடந்து போனால் இந்த வளையத்தின் ஒரு துண்டைத்தான் பார்ப்பீர்கள்.

பெர்லினில் இது இன்னும் அழுத்தமாகத் தெரியும். நகரைக் கிழக்கு, மேற்கு என்று பிரித்து 1961 ஆகஸ்டில் எழுந்து 1989 நவம்பரில் திறந்துவிடப்பட்ட சுவர், நகரத்தின் நடுப்பகுதியில் பெரும்பாலும் காணாமல் போய்விட்டது. அது நின்ற இடத்தில் தரையில் இரண்டு வரிசைக் கற்களைப் பதித்திருக்கிறார்கள். சைக்கிளில் போகும்போது அந்தக் கல்வரிசையைத் திரும்பத் திரும்பக் கடப்பீர்கள். ஒரு முறை கடக்கையில் அது வெறும் கல். பல முறை கடந்தபின், ஒரே தெருவில் இருந்தவர்கள் இருபத்தெட்டு ஆண்டுகள் ஒருவரையொருவர் பார்க்க முடியாமல் போனது உறைக்கத் தொடங்கும். மேற்கு பெர்லினைச் சுற்றிய அந்த எல்லைத் தடம் முழுவதையும் சுமார் 160 கிலோமீட்டர் சைக்கிள், நடைப் பாதையாக அமைத்திருக்கிறார்கள்.

மதில் இடிபடாத ஊர்களும் இருக்கின்றன. இத்தாலியில் லூக்காவின் மதில் மேல் மரங்கள் வளர்ந்து நிற்க, நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான சுற்றைச் சைக்கிளிலேயே முடிக்கலாம். சீனாவில் சியான் நகரின் மிங் காலத்து மதில் கிட்டத்தட்ட 14 கிலோமீட்டர். அதன் மேலேயே சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். இப்படி மதில் மேலே ஓட்டக் கிடைத்தால் விடாதீர்கள். கூரைகளின் உயரத்திலிருந்து ஊரைப் பார்த்தபிறகு உள்ளே இறங்கினால் சந்துகள் புரிபடும்.

சரி, அப்படியானால் நடை எதற்கு? சைக்கிளில் போகிறவர் கண்ணுக்குப் படாத பொருள்கள் இருக்கின்றன. குன்டர் டெம்னிக் என்ற ஜெர்மானியக் கலைஞர் 1992-இல் கொலோனில் தொடங்கிய வேலையைச் சொல்கிறேன். பத்து சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு பித்தளைத் தகடு, அதன் அடியில் கான்கிரீட். அதை நடைபாதைக் கற்களோடு கல்லாகப் பதிக்கிறார்கள். நாஜிகள் துரத்திய, கொன்ற ஒருவர் தானாக விரும்பிக் குடியிருந்த கடைசி வீட்டு வாசலில் அது இருக்கும். "இங்கே வசித்தார்" என்று தொடங்கி, பெயர், பிறந்த ஆண்டு, என்ன ஆனார் என்பது வரை நாலைந்து வரி. ஐரோப்பா முழுக்க இப்படி ஒரு லட்சத்துக்கும் மேல் பதித்திருக்கிறார்கள். சைக்கிளில் போனால் அது ஒரு மினுமினுப்பு, அவ்வளவுதான். நடந்து போகிறவர் நிற்க வேண்டும், குனிய வேண்டும். ஒரே வாசலில் ஐந்து தகடுகள், அதில் இரண்டு குழந்தைகளுடையவை என்று தெரியும்போது அந்தத் தெரு வேறு தெருவாகிவிடும். ஒரு நல்ல வழிகாட்டி அந்த இடத்தில் தன் பேச்சை நிறுத்திவிட்டு உங்களைப் படிக்க விடுவார்.

கட்டடங்களும் அப்படித்தான். பழைய வணிகத் தெருவில் கீழ்த்தளம் பெரும்பாலும் பலமுறை மாறியிருக்கும். கண்ணாடி, பெயர்ப்பலகை, புதுக் கதவு. முதல் மாடியிலிருந்து மேலே பார்த்தால்தான் அசல் ஜன்னலும் செங்கல்லும் சிற்பமும் இருக்கும். ஆம்ஸ்டர்டாமின் கால்வாய் வீடுகளில் உச்சியில் ஒரு உத்தரம் நீட்டிக்கொண்டிருக்கும், அதில் கொக்கி. படிக்கட்டு குறுகலாக இருப்பதால் சாமான்களைக் கயிறு கட்டி ஜன்னல் வழியாக ஏற்றுவார்கள், இன்றும் வீடு மாறுகிறவர்கள் அப்படிச் செய்வதுண்டு. அந்தக் கொக்கியைப் பார்த்ததும் அந்த வீட்டின் மேல்தளம் ஒரு காலத்தில் சரக்கு வைக்கும் இடமாக இருந்திருக்கக்கூடும் என்று ஊகிக்கலாம். வீடும் கடையும் கிடங்கும் ஒரே கூரைக்குள் இருந்த ஒரு வாழ்க்கை அதிலிருந்து விரியும். இங்கிலாந்தில் 1696 முதல் 1851 வரை ஜன்னல்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப வரி இருந்தது. அதனால் செங்கல் வைத்து அடைத்த ஜன்னல்களைப் பழைய தெருக்களில் பார்க்கலாம். ஆனால் அடைத்த ஜன்னல் எல்லாமே வரிக்காக அடைத்ததில்லை. முகப்பு இரண்டு பக்கமும் ஒத்திருக்க வேண்டும் என்று கட்டும்போதே பொய் ஜன்னல் வைத்த வீடுகளும் உண்டு. எது எந்த வகை என்று செங்கல்லின் நிறத்தையும் அது சுவரோடு சேரும் விளிம்பையும் காட்டிச் சொல்கிற வழிகாட்டி கிடைத்தால், அந்த நாளே நல்ல நாள்.

இங்கேதான் உங்கள் செல்போன் கேள்விக்கு வருகிறேன். பாஸ்டனின் சுதந்திரப் பாதைக்கு வழிகாட்டி கட்டாயமில்லை. தரையில் பெரும்பாலும் செங்கல்லால் ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கிறார்கள், நாலு கிலோமீட்டர், பதினாறு வரலாற்று இடங்கள். கோட்டைப் பிடித்துக்கொண்டே போய்ப் பலகைகளைப் படித்தால் போதும். லண்டனில் வீட்டுச் சுவர்களில் இருக்கும் நீல வட்டப் பலகைகள் 1860-களிலிருந்து வைக்கப்பட்டு வருகின்றன. அங்கே யார் இருந்தார் என்பதை ஒரே வரியில் சொல்லிவிடும். இப்படி ஊரே எழுதி வைத்திருக்கும் கதைக்குச் செல்போன் போதும். எழுதி வைக்காத கதைக்குத்தான் ஆள் வேண்டும். அந்தப் பலகையில் பெயர் இடம்பெறாதவர்கள், பக்கத்துத் தெருவில் சலவை செய்தவர்கள், அகலச் சாலை போட்டபோது வீடிழந்தவர்கள், பெயர் மாறிய தெரு, மறைந்த கால்வாய் போன்றவை. காசும் நேரமும் கொடுத்து வழிகாட்டியை அமர்த்தினால், அவரைப் புகழ்பெற்ற இடங்களுக்கு வீணாக்காதீர்கள். அவற்றை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அவரைச் சாதாரணத் தெருக்களுக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள்.

வழிகாட்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது? சைக்கிளா நடையா என்பதைவிட இது முக்கியம். சில நாடுகளில் உரிமம் இருந்தால்தான் வழிகாட்டியாக வேலை செய்ய முடியும். பிரிட்டனில் நீல பேட்ஜ் என்ற தகுதிச் சின்னம் வைத்திருப்பவர்கள் நீண்ட பயிற்சியும் தேர்வும் முடித்தவர்கள். உரிமம் இருந்தால் தகவல் பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆனால் கதை சொல்லும் திறமைக்கு உரிமம் உத்தரவாதமில்லை. என்னுடைய சோதனை ஒரே ஒரு கேள்வி: "இது நமக்கு எப்படித் தெரியும்?" மரியாதையாகக் கேளுங்கள். நல்ல வழிகாட்டிக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடிக்கும். நிலப்பதிவு, பழைய வரைபடம், ஒரு கடிதம், சுவரில் இருக்கும் தழும்பு என்று ஏதாவது ஒன்றைக் காட்டுவார். இல்லையென்றால் "இது செவிவழிச் செய்தி" என்று நேராகச் சொல்வார். கோட்டைகளின் சுழல் படிக்கட்டு வலஞ்சுழியாக இருப்பது, மேலே ஏறி வரும் எதிரியின் வாள் வீச்சைத் தடுக்கத்தான் என்று எத்தனையோ சுற்றுகளில் கேட்டிருப்பீர்கள். கேட்க நன்றாக இருக்கிறது. கோட்டைகளை ஆய்ந்தவர்கள் பலர் அதை ஏற்பதில்லை, இடஞ்சுழிப் படிகளும் நிறைய இருக்கின்றன. கதையைக் கதையென்றும் வரலாற்றை வரலாறென்றும் பிரித்துச் சொல்பவரிடம் இரண்டையும் நிம்மதியாக ரசிக்கலாம்.

கட்டணமில்லை, விருப்பப்பட்டதைக் கொடுங்கள் என்று நடத்தும் நடைகள் இப்போது பல ஊர்களில் இருக்கின்றன. அவற்றில் அருமையான வழிகாட்டிகள் இருக்கிறார்கள். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: பல நிறுவனங்களில் வழிகாட்டிக்குச் சம்பளம் கிடையாது. போதாததற்கு, வந்த ஒவ்வொரு தலைக்கும் அவர் நிறுவனத்துக்கு ஒரு தொகை கட்ட வேண்டும். நீங்கள் ஒன்றும் கொடுக்காமல் நழுவினால் அது அவர் கையைக் கடிக்கும். கூட்டம் பெரிதானால்தான் அவருக்குக் கட்டுப்படியாகும் என்பதால் முப்பது நாற்பது பேர் சேர்ந்துவிடுவதும் உண்டு. அத்தனை பேரில் பின்வரிசையில் நிற்பவருக்கு எதுவும் கேட்காது. என் கணக்கில் நடைக்குப் பதினைந்து பேர், சைக்கிளுக்குப் பத்துப் பேர் என்பது நல்ல உச்சவரம்பு.

உள்ளூர்க்காரர்களே நடத்தும் சுற்றுகளையும் தேடிப் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்தவை அவைதான். நகரங்களை நடப்பவர் கண்ணால் பார்க்கச் சொன்ன எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 2006-இல் மறைந்தார். அடுத்த ஆண்டே டொரொண்டோவில் அவர் பெயரில் நடைகள் தொடங்கின. இன்று பல நாடுகளில், பெரும்பாலும் மே முதல் வார இறுதியில், யார் வேண்டுமானாலும் தங்கள் தெருவைப் பற்றி நடத்துகிறார்கள், யார் வேண்டுமானாலும் இலவசமாகச் சேரலாம். நியூயார்க்கில் 1992 முதல் தன்னார்வலர்கள் தங்கள் பகுதியைத் தாங்களே சுற்றிக்காட்டுகிறார்கள். அந்த முறை வேறு ஊர்களுக்கும் பரவியிருக்கிறது. அகமதாபாத் மாநகராட்சி 1997-இல் தொடங்கிய காலை நடை, காலுப்பூர் சுவாமிநாராயண் கோயிலில் தொடங்கி ஜாமா மசூதியில் முடிகிறது. நடுவில் போள் எனப்படும் அடைப்புக் குடியிருப்புகள், செதுக்கிய மரவீடுகள், பறவைகளுக்கு இரை வைக்கும் தூண்கள். அந்த நகரம் 2017-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது, நடை அதற்கு இருபது ஆண்டுகள் மூத்தது. தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் தேர்ந்தெடுத்ததிலேயே ஊரின் கதை பாதி சொல்லியாயிற்று. பாதையை யோசித்து அமைப்பது என்றால் இதுதான்.

சைக்கிள் பொருந்தாத ஊர்களும் உண்டு. வெனிஸின் பழைய நகரில் சைக்கிள் ஓட்டவே தடை. மொராக்கோவில் ஃபெஸ் நகரின் மதினா எனப்படும் பழைய பகுதி, லிஸ்பனின் அல்ஃபாமா போன்ற இடங்களில் சந்துகளும் படிகளும்தான். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருக்கும். முன்பதிவு செய்யும் முன் வரைபடத்தில் அந்தப் பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள். தெருக்கள் அடிக்கடி முட்டுச்சந்தாக முடிந்தால், படிக்கட்டுக் குறிகள் தெரிந்தால் நடைதான்.

சைக்கிளில் ஏறும் முன் சில விஷயங்கள். இருக்கையில் உட்கார்ந்து குதிகாலை மிதியின் அடிப்புள்ளியில் வைத்தால் கால் கிட்டத்தட்ட நேராக வேண்டும், அதுதான் சரியான உயரம். எந்தக் கைப்பிடி எந்தச் சக்கரத்துக்கு என்பதைத் தள்ளிக்கொண்டே சோதியுங்கள். வாகனங்கள் இடப்பக்கம் ஓடும் நாடுகளில் முன் பிரேக் வலது கையில் இருப்பது வழக்கம், வலப்பக்கம் ஓடும் நாடுகளில் பெரும்பாலும் இடது கையில். பழக்கத்தில் தவறான கையை இறுக்கினால் முன்சக்கரம் பூட்டிக்கொண்டு தலைகுப்புற விழ நேரும். நெதர்லாந்துச் சைக்கிள்கள் சிலவற்றில் கைப்பிரேக்கே இருக்காது, மிதியைப் பின்னால் அழுத்தினால்தான் நிற்கும். டிராம் தண்டவாளத்தை எப்போதும் குறுக்கே, கிட்டத்தட்ட நேர்க்கோணத்தில் கடக்க வேண்டும். சாய்வாகப் போனால் சக்கரம் பள்ளத்தில் சிக்கும், மழையில் வழுக்கவும் செய்யும். உருண்டைக் கல் பாவிய தெருவில் கைப்பிடியை இறுக்காமல், வேகத்தை ஒரே சீராக வைத்துக்கொள்ளுங்கள். டயர் அகலமாக இருந்தால் பாதி அலுப்பு குறையும். அப்புறம், குழுவின் கடைசியில் ஒரு துணை வழிகாட்டி வருகிறாரா என்று கேளுங்கள். ஒருவரே முன்னால் போய்க்கொண்டு பின்னால் திரும்பித் திரும்பிப் பார்க்கும் சுற்றில், சிக்னலில் குழு இரண்டாகப் பிரிந்துவிடும்.

உங்கள் அப்பாவுக்கு நடையில்தான் சிரமம் வரும். அதுவும் நடப்பதில் இல்லை, நிற்பதில். வழிகாட்டியிடம் முன்பே சொன்னால் திண்ணை, பூங்கா பெஞ்சு, வழிபாட்டிடத்தின் படி என்று உட்கார இடமுள்ள நிறுத்தங்களாகப் பார்த்து வைப்பார். நல்ல வழிகாட்டிகள் எல்லோருக்கும் இப்படி ஒரு மாற்றுப் பாதை தெரியும். எடை குறைந்த மடக்கு முக்காலி ஒன்றை நீங்களே கொண்டுபோவது இன்னும் நல்லது. சைக்கிளில் அவர் பழகியவர் என்றால் பேட்டரி சைக்கிள் கேளுங்கள், மேடு தெரியாது. ஆனால் அது கனமானது, மிதித்ததும் சட்டென்று முன்னால் பாயும், ஒரு காலி இடத்தில் ஓட்டிப் பழகாமல் தெருவில் இறங்க வேண்டாம். இப்போது பல ஊர்களில், ஒருவர் பின்னாலிருந்து மிதிக்க, முன்னால் உட்கார்ந்து போகும் மூன்று சக்கர வண்டியும் கிடைக்கிறது. அவர் அதில் வர, நீங்கள் பக்கத்தில் மிதிக்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது எனக்கு மனசுக்கு நெருக்கமான விஷயம். பழைய பகுதிகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். ஆம்ஸ்டர்டாம் 2020-இல் குழுவுக்குப் பதினைந்து பேர் என்று வரம்பு வைத்தது, பாலியல் தொழிலாளர்களின் ஜன்னல்களுக்கு முன்னால் சுற்றுலாக் குழுக்கள் போவதைத் தடை செய்தது. வெனிஸ் 2024-இல் இருபத்தைந்து பேர் என்று வரம்பு வைத்து, ஒலிபெருக்கிக்கும் தடை போட்டது. சியோலின் புக்சோன் பகுதியில் மாலை ஐந்து மணிக்குப் பிறகு மறுநாள் காலை பத்து மணி வரை குறிப்பிட்ட தெருக்களில் சுற்றுலாப் பயணிகள் நுழையக் கூடாது, மீறினால் 2025 மார்ச் முதல் அபராதம். குடியிருந்தவர்கள் தாங்க முடியாமல் கேட்டு வாங்கிய விதிகள் இவை. அதனால் குறுகிய சந்தில் நிற்கும்போது சுவரோரம் ஒதுங்கி நில்லுங்கள். வாசலில் உட்கார்ந்திருப்பவரைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். ஒரு வழிகாட்டி அந்தத் தெருக்காரர்களுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டே போகிறாரா, அவர்களும் பதிலுக்குச் சிரிக்கிறார்களா என்று கவனியுங்கள். அந்த உறவு இருக்கும் இடத்தில்தான் மூடிய கதவு ஒன்று உங்களுக்காகத் திறக்கும், உள்முற்றத்தைப் பார்க்கக் கூப்பிடுவார்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை நடைக்குக் காலை ஏழு, எட்டு மணி. சாய்ந்த வெயிலில் செதுக்கு வேலைகளின் நிழல் விழுந்து நன்றாகத் தெரியும், கடைகள் திறக்கும் முன் முகப்புகள் மறையாமல் இருக்கும். சைக்கிளுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை கிடைத்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலான நகரங்களில் போக்குவரத்து குறைவு. முன்பதிவு செய்யும்போது நாலு விஷயம் கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள்: குழுவில் அதிகபட்சம் எத்தனை பேர், ஒரே மொழியில் நடக்குமா, இரண்டு மொழியில் மாற்றி மாற்றிச் சொல்வார்களா (இரண்டு மொழி என்றால் கதை பாதியாகிவிடும்), மழை பெய்தால் பணம் திரும்புமா, தொடங்கிய இடத்திலேயே முடியுமா. வேறு இடத்தில் முடிகிற நடை என்றால் திரும்பும் வழியை அப்பாவுக்காக முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.